வாடகைக்கு யாரை வைப்பது? ஓரிரு வீடு மட்டும் வைத்திருப்பவருக்கான விளக்கம்

காரணம் எதுவும் சொல்லாமலே குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் வழி ஒன்று இங்கிலாந்து வீட்டு உரிமையாளர்களுக்கு இருந்தது. 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அது. 2025 அக்டோபரில் சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. புதிய முறை நடைமுறைக்கு வரும் நாளாக 2026 மே 1 அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த, மாநிலங்களுக்கான மாதிரி வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. வீட்டு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஒரு வீடோ ஒரு மாடியோ மட்டும் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சரி, இனி யாரை நம்பி வீட்டைக் கொடுப்பது?"

கேள்வி நியாயமானதே. குடிவைத்த பிறகு உரிமையாளர் கையில் இருக்கும் பிடி குறையக் குறைய, குடிவைக்கும் முன் செய்யும் சரிபார்ப்புக்கு மதிப்பு கூடும். ஆனால் பெரும்பாலோர் அந்தச் சரிபார்ப்பை முகத்தைப் பார்த்து ஆளை அளக்கும் வேலையாகவே செய்கிறார்கள். பல ஊர்ச் சட்டங்களோடு மோதுவதும் அதுதான், பணம் போவதும் அதனால்தான். எந்த விவரம் தேவை, எது இருந்தால் போதும் என்பதை யாரும் வந்து நிற்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, வருகிற எல்லோரையும் அதே அளவுகோலில் பார்ப்பதே இதற்கு மாற்று. அது எப்படி, ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சிறிய உரிமையாளரின் கணக்கு வேறு

ஐம்பது வீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு வீட்டில் வாடகை நின்றால் வருமானத்தில் நூற்றுக்கு 2 பங்கு போகும். ஒரே வீடு வைத்திருப்பவருக்கு முழுவதும் போகும். வீட்டுக் கடனுக்கான தவணை மட்டும் நிற்காது. பெரிய நிறுவனம் சராசரியை நம்பி வாழலாம். சிறியவருக்குச் சராசரி என்று ஒன்று இல்லை, அந்த ஒரு குடித்தனம்தான்.

இதை எண்ணாக வைத்துப் பார்க்கலாம். மாத வாடகை 100 என்று கொள்வோம்.

1. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நஷ்டம் 100.
2. குடிவந்தவர் வாடகை தராமல், காலி செய்யவும் மறுத்து, நடவடிக்கை முடிய ஆறு மாதம் ஆனால் பாக்கி 600. பழுதுபார்க்க ஒரு மாதம் வீடு சும்மா இருந்தால் இன்னொரு 100. வக்கீல் செலவும் பழுதுச் செலவும் சேர்த்து 150 என்று வைத்தாலும் மொத்தம் 850. அதாவது எட்டரை மாத வாடகை.
3. இப்போது, முதலில் வந்தவரின் ஆவணங்கள் முழுமையாக இல்லை, சரியாகப் பார்க்க மூன்று வாரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்றால் அதன் விலை சுமார் 75. இந்த 75ஐ 850ஆல் வகுத்தால் 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். காத்திருப்பதால் மோசமான முடிவுக்கான வாய்ப்பு அந்த அளவாவது குறையும் என்றால் காத்திருப்பது லாபம்; இல்லையென்றால் நஷ்டம்.

இந்த எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் ஊரில் வழக்கு முடிய எத்தனை மாதம் ஆகும் என்பதைப் போட்டு நீங்களே திருப்பிக் கணக்கிடலாம். நீதிமன்றம் மெதுவான ஊரில் காத்திருப்பதன் மதிப்பு ஏறும், வேகமான ஊரில் இறங்கும். இரண்டு விஷயம் இதிலிருந்து தெரிகிறது. வீடு காலியாகக் கிடக்கிறதே என்ற அவசரத்தில் எடுக்கும் முடிவுக்குத்தான் அதிக விலை. அதே சமயம், குறையே இல்லாத குடித்தனக்காரர் வரட்டும் என்று மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. நல்ல வாடகைதாரர்களுக்கும் வேறு வீடுகள் கிடைக்கும். இழுத்தடித்தால் முதலில் போய்விடுகிறவர்கள் அவர்கள்தான்.

தெரிந்துகொள்ள வேண்டியது நான்கே நான்கு

எத்தனை பக்க விண்ணப்பப் படிவம் வைத்தாலும் அதன் உள்ளே இருக்க வேண்டிய கேள்விகள் இவை.

1. வந்திருப்பவர் தான் சொல்லும் ஆள்தானா?
2. இந்த வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வசதி இருக்கிறதா?
3. இதுவரை இருந்த வீடுகளில் கொடுத்திருக்கிறாரா?
4. அந்த வீடுகளை எப்படி வைத்திருந்தார், அக்கம்பக்கத்தோடு எப்படி இருந்தார்?

ஒரு கேள்வி இந்த நான்கில் எதற்கும் பதில் தேடவில்லை என்றால் அதைக் கேட்கத் தேவையில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, எந்த மதம், என்ன சாப்பிடுவீர்கள், சொந்த ஊர் எது என்பவை வாடகை வருமா என்பதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. குடும்பஸ்தர் என்பதால் வாடகை தவறாமல் வரும் என்றும், தனியாள் என்றால் வீடு பாழாகும் என்றும் நினைப்பது பழக்கம். பழக்கத்தை வைத்து எட்டரை மாத வாடகையைப் பணயம் வைக்க வேண்டாம்.

முதல் கேள்விக்கு அரசு அடையாள அட்டை போதும். ஆனால் நகலை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காமல், அசலைக் கையில் வாங்கி, படத்தையும் எதிரில் நிற்பவரையும் ஒப்பிட வேண்டும். சில நாடுகளில் இது சட்டக் கடமை. இங்கிலாந்தில், குடியேற விரும்புபவருக்கு அங்கே வாடகைக்கு இருக்கும் உரிமை உண்டா என்று பார்ப்பது 2016 பிப்ரவரி முதல் உரிமையாளரின் பொறுப்பு. சிங்கப்பூரில் வெளிநாட்டவரின் அசல் அனுமதி அட்டையைப் பார்த்து, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, வழங்கிய துறையிடமும் உறுதி செய்ய வேண்டும். இந்தியாவில் பல நகரங்களில் வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தெரிவிக்கச் சொல்லும் உத்தரவுகள் அவ்வப்போது வருகின்றன. மீறினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 223ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரலாம். இந்தக் கடமைகளை நிறைவேற்றினால் ஆளைச் சோதித்தாயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. அது தவறு. காவல் நிலையத்தில் கொடுத்த படிவம் வாடகை வருமா என்பதைச் சொல்லாது. அதோடு, பெயரையோ தோற்றத்தையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் இந்த ஆவணங்களைக் கேட்பது தனியாக ஒரு சிக்கல். கேட்டால் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

வருமானம்: விகிதம் எங்கிருந்து வந்தது?

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அல்லது வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1969ல் வந்த புரூக் திருத்தம், அரசு பொதுக் குடியிருப்புகளில் வாடகை அங்கே வசிப்பவரின் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1981ல் அந்த வரம்பு 30 ஆக உயர்ந்தது. ஏழைக் குடும்பத்தை அதிக வாடகையிலிருந்து காக்க வைத்த கோடு அது. பிறகு தனியார் உரிமையாளர்கள் அதையே விண்ணப்பங்களைத் தள்ளுவதற்கான கோடாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அதனால் அந்த எண் பயனற்றது என்றில்லை, தொடக்கப் புள்ளியாக வைக்கலாம். ஆனால் கடன், தவணை, வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதை எல்லாம் அது மறைத்துவிடும். மூன்று மடங்கு சம்பளம் வாங்கி அதில் பாதியைத் தவணைகளுக்குக் கட்டுபவரும் உண்டு. இரண்டரை மடங்கு வாங்கி ஒரு கடனும் இல்லாதவரும் உண்டு. இரண்டாமவரே பாதுகாப்பானவர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மானிய வீடுகளைத் தவிர, இந்த விகிதத்தை வைத்து ஆளைத் தள்ளுவதே அனுமதிக்கப்படவில்லை. அங்கே வருமான விவரத்தைக் கேட்கலாம், ஆனால் கடன் வரலாறு, முந்தைய வாடகை வரலாறு ஆகியவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் ஒருவரின் பே ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை.

1. மொத்தச் சம்பளத்திலிருந்து பிடித்தங்களைக் கழித்தால் கடைசியில் போட்டிருக்கும் தொகை வருகிறதா? கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். திருத்தப்பட்ட சீட்டுகளில் மேலே உள்ள எண்ணை மாற்றியவர் கீழே உள்ளதை மாற்ற மறந்திருப்பார்.
2. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிய தொகை அச்சிடப்பட்டிருந்தால், அடுத்தடுத்த மாதச் சீட்டுகளில் அது சரியான அளவு ஏறியிருக்கிறதா?
3. கைக்கு வரும் தொகையும் வங்கியில் வரவான தொகையும் கடைசி இலக்கம் வரை ஒன்றா? அனுப்பியவர் பெயர் அந்த நிறுவனமா?
4. ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரியிலும் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் அடுத்த இருப்பு வர வேண்டும். நடுவில் ஓர் எண்ணைத் திருத்தியிருந்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். ஐந்தாறு வரிகளைச் சோதித்தாலே போதும்.
5. விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு ஒரு பெரிய தொகை வந்து இருப்பு ஊதியிருக்கிறதா? அது சேமிப்பாகவும் இருக்கலாம், காட்டுவதற்காக வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து வேலையை உறுதி செய்வதானால், விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை அழைக்கக் கூடாது. நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் போலிச் சான்றுகள் பெரும்பாலும் தப்பிப்பது இந்த ஓட்டை வழியாகத்தான்.

ஸ்டேட்மென்ட் கேட்பதே தவறு என்று சொல்லும் நாடும் உண்டு. பிரான்சில் உரிமையாளர் எந்தெந்த ஆவணங்களைக் கேட்கலாம் என்று 2015 நவம்பர் 5 தேதியிட்ட ஆணை பட்டியலிட்டுவிட்டது. வங்கிக் கணக்கு விவரம் அதில் இல்லை. கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், வேலை ஒப்பந்தம், வரி ஆவணம் ஆகியவை உண்டு. உங்கள் நாட்டுப் பட்டியல் எது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

சொந்தத் தொழில் செய்பவருக்கும் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கும் பே ஸ்லிப் இருக்காது. அவர்களை அதற்காகவே ஒதுக்குவது நல்ல வாடகைதாரரை இழக்கும் எளிய வழி. பன்னிரண்டு மாத வரவை எடுத்து, அதில் மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியைப் பாருங்கள். அந்த மாதங்களிலும் வாடகை கட்ட முடியும் என்றால், அல்லது அந்த மாதங்களைத் தாண்டும் அளவு சேமிப்பு இருந்தால், சம்பளக்காரரைவிட அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல.

பழைய வீட்டுக்காரர் சொல்வதை எப்படிக் கேட்பது

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சிறிய உரிமையாளர்களில் பலர் தவிர்க்கும் வேலையும் இதுதான், முன்பின் தெரியாதவரை அழைத்துப் பேசக் கூச்சம். ஒரு அழைப்பு பத்து நிமிடம். கையில் உள்ள ஆவணங்கள் எதுவும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு ஒரு சிக்கல் இருக்கலாம். தொந்தரவான ஆள் என்றால் அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசையில் நல்லபடியாகவே சொல்வார். நல்ல ஆள் என்றால் இழக்க மனமில்லாமல் இழுத்துப் பேசவும் கூடும். அதற்கு முந்தைய வீட்டின் உரிமையாளருக்கு இந்த லாப நஷ்டம் எதுவும் கிடையாது. அதனால் இரண்டு பேரையும் கேட்க வேண்டும், இரண்டாமவர் சொல்வதற்கு எடை கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் 'வீட்டுக்காரர்' என்று நண்பரின் எண்ணைக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இதைக் கண்டுபிடிக்க நீங்கள் விவரத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "இவர் உங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தாராமே, வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். மாறாக, "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தொடங்குங்கள். எந்த மாதம் வந்தார், வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பார், முன்பணத்தில் ஏதாவது பிடித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இந்த எண்கள் நாக்கின் நுனியில் இருக்கும். நண்பர் தடுமாறுவார். கடைசியாக ஒரு கேள்வி: "மறுபடி இவருக்கே வீடு கொடுப்பீர்களா?" இதற்குப் பதில் வருவதற்கு முன் விழும் இடைவெளியையும் கவனியுங்கள்.

முந்தைய உரிமையாளர் பேச மறுத்தால் அதை விண்ணப்பித்தவர் மீதான குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் 'வாடகை பாக்கி இல்லை' என்று ஒரு சான்று கேட்பது வழக்கம். ஆனால் அதைத் தரும் கடமை பழைய உரிமையாளருக்கு இல்லை என்று அந்நாட்டு உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2009ல் சொல்லிவிட்டது. வாடகை வங்கி வழியாகப் போயிருந்தால் பன்னிரண்டு மாதப் பரிமாற்றங்களே சான்று.

கிரெடிட் ஸ்கோர் பற்றி ஒரு வார்த்தை. அது வங்கிக் கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கத்தை அளக்க உருவானது, வாடகைக்காக அல்ல. கடனே வாங்காதவருக்கும், புதிதாக நாட்டுக்கு வந்தவருக்கும் ஏடு காலியாக இருக்கும். காலியாக இருப்பது கெட்ட பெயர் அல்ல. அறிக்கையில் பிழைகளும் வரும். அமெரிக்காவில் வாடகைதாரர் சோதனை அறிக்கை விற்கும் டிரான்ஸ்யூனியன் குழும நிறுவனம் ஒன்று, காலி செய்ய வைக்கும் வழக்குகளின் பதிவுகளில் துல்லியத்தை உறுதி செய்யவில்லை என்ற குற்றச்சாட்டில் 2023 அக்டோபரில் 1.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தள்ளுபடியான வழக்கும், பொதுப் பார்வைக்கு வராதபடி நீதிமன்றம் மூடிவைத்த வழக்கும் ஒருவரின் பெயரில் ஒட்டிக்கொண்டால் அவருக்கு எந்த வீடும் கிடைக்காது. இது யாருக்கும் நடக்கலாம்.

ஒரு எச்சரிக்கைக் குறி எவ்வளவு சொல்லும்?

இங்கே கணக்கு மறுபடி தேவைப்படுகிறது. நூறு விண்ணப்பதாரர்களில் பத்துப் பேர் பின்னால் தொந்தரவு கொடுக்கப் போகிறவர்கள் என்று கொள்வோம். நம் சோதனை அந்தப் பத்தில் எட்டைப் பிடிக்கிறது. நல்லவர்கள் தொண்ணூறு பேரில் பதினெட்டுப் பேர் மீதும் தவறாகக் குறி வைக்கிறது. மொத்தம் குறி விழுந்தவர்கள் 26. அதில் 18 பேர் நல்லவர்கள்.

ஓரளவு நல்ல சோதனைக்கே இந்த நிலை. ஆகவே ஒரு தாமதப் பணம், ஒரு வேலை இடைவெளி, ஒரு பழைய வழக்கு என்று தனியாக ஒன்று தென்பட்டால் அது கதவைச் சாத்துவதற்கான காரணம் அல்ல. விளக்கம் கேட்பதற்கான காரணம். ஒரே திசையைக் காட்டும் இரண்டு மூன்று குறிகள் சேர்ந்தால் பேச்சு வேறு. அதனால்தான் எல்லா விண்ணப்பதாரரிடமும் ஆரம்பத்திலேயே இப்படிக் கேட்டுவிடுவது நல்லது: "நான் விசாரிக்கும்போது எனக்குத் தெரியவரக்கூடியது, அதற்கு முன் நீங்களே சொல்ல நினைப்பது ஏதாவது இருக்கிறதா?" தானாகச் சொல்லிவிடுகிற குறைக்கும், கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு வெளிவருகிற குறைக்கும் உள்ள தூரம் பெரியது. வாடகை பாக்கியைவிட இந்தப் பொய்தான் பின்னால் வரும் தொந்தரவுக்கு நல்ல அடையாளம் என்பது என் கணிப்பு.

கேட்கக் கூடாதவை

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்து வீடு மறுப்பதைத் தடுத்தது. 1974ல் பாலினமும், 1988ல் உடல், மனக் குறைபாடும், குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் சேர்ந்தன. உரிமையாளரே வசிக்கும், நான்கு குடித்தனங்களுக்கு மேல் இல்லாத கட்டடத்துக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. சிறிய உரிமையாளர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டுத் தமக்குச் சட்டமே பொருந்தாது என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆபத்தான அரைகுறைச் செய்தி. விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. இனபேதத்துக்கும் விலக்கு கிடையாது, 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியார் பரிமாற்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே தீர்ப்பளித்துவிட்டது.

இந்தியாவில் தனியார் வாடகையில் எல்லா வகைப் பாகுபாட்டையும் தடுக்கும் ஒரே மத்தியச் சட்டம் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எச்ஐவி தொற்றோடு வாழ்பவருக்கு வாடகை வீட்டில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநருக்குக் காட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் பெயர் சொல்லித் தடுக்கின்றன. ஜெர்மனி வேறொரு வழியில் போகிறது. அங்கே கேட்கக் கூடாத கேள்விக்கு, உதாரணமாகக் கர்ப்பமா என்பதற்கு, விண்ணப்பதாரர் பொய் சொன்னாலும் அதைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

சட்டம் தடுக்காத இடத்திலும் இந்தக் கேள்விகளை விடுவதே சரி. வீடு கிடைக்காமல் ஒரு குடும்பம் தெருத்தெருவாக அலைவது சின்ன விஷயம் அல்ல. அந்த அலைச்சலுக்குக் காரணம் அவர்களுடைய பெயராக இருந்தால் அது அவமானம். எத்தனை பேர் வசிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள், அறைகளின் அளவுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் அது தேவை. அவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்கத் தேவையில்லை.

முன்பணம் சரிபார்ப்புக்கு ஈடாகாது

"அட்வான்ஸ் கூட வாங்கிக்கொண்டால் போகிறது" என்பது எளிய யோசனை. பல இடங்களில் அது நடக்காது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, மூன்று மாத வாடகையை வரம்பாக வைக்கிறது. ஜெர்மனியிலும் மூன்று மாதம், வெப்பச் செலவு போன்றவை சேராத அடிப்படை வாடகையில். பிரான்சில் அறைகலன் இல்லாத வீட்டுக்கு ஒரு மாதம். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வாரம். ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று எதுவும் வாங்கவே கூடாது, கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம்.

முன்பு போட்ட 850 கணக்கில் மூன்று மாத முன்பணம் வெறும் 300. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் தேறும்.

விவரம் தராமல் ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன் என்பவரிடமும், விளம்பரத்தில் போட்டதைவிடக் கூடுதல் தருகிறேன் என்பவரிடமும் நிதானம் வேண்டும். நேர்மையான காரணம் இருக்கலாம். புதிதாக வந்தவருக்கு வரலாறு இல்லை, கையில் பணம் இருக்கிறது என்பது நடப்பதுதான். ஆனாலும் நான்கு கேள்விகளை அந்தப் பணம் மூடிவிடக் கூடாது. இங்கிலாந்தின் புதிய சட்டம், விளம்பர வாடகைக்கு மேல் ஏலம் கேட்பதையும் ஏற்பதையும் தடை செய்கிறது.

ஜாமீன்தாரர் வைப்பதானால் அவரையும் அதே வருமானச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், எழுத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்வார்த்தை ஜாமீன் நீதிமன்றத்தில் செல்லும் என்று நம்பி இருக்க முடியாது.

வரிசையும் எழுத்தும்

அளவுகோல் தயார் என்றால் மீதி வேலை வரிசைதான். சிக்கல் மிகக் குறைவாக வரும் முறை இது: தகுதியை விளம்பரத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுவது, விண்ணப்பங்களை வந்த நேரத்தோடு குறித்துக்கொள்வது, அந்த வரிசையிலேயே சோதிப்பது, தகுதி முழுவதும் உள்ள முதல் ஆளுக்கு வீட்டைக் கொடுப்பது. பத்துப் பேரையும் சேர்த்து வைத்து மிகச் சிறந்தவரைத் தேடுவதில் ஓர் ஆசை இருக்கும். அந்தத் தேடலில்தான் மனச்சாய்வு நுழைகிறது, ஏன் இவர் அவரைவிட மேல் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

விண்ணப்பம் முழுமை பெறுவதற்கு முன் பணம் எதுவும் வாங்காதீர்கள். போலி விளம்பரம் போட்டு முன்பணம் கறக்கும் மோசடிகள் மலிந்திருப்பதால், கவனமான வாடகைதாரர் உங்களையும் சோதிப்பார். வீடு உங்களுடையதுதானா என்பதற்குச் சொத்துவரி ரசீதையோ பத்திரத்தின் முதல் பக்கத்தையோ கேட்டால் கோபம் வேண்டாம். கேட்கிறவர் பொறுப்பானவர்.

இல்லை என்று சொல்வது, தாள்களை என்ன செய்வது

மறுப்பை இழுக்காமல், இரண்டு வரியில், எழுத்தில் சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது. வேறு வீடு தேட அவருக்கு நாள் கிடைக்கும். இல்லாத காரணம் ஒன்றைக் கற்பித்துச் சொல்லக் கூடாது. "வீடு போய்விட்டது" என்று சொல்லிவிட்டு விளம்பரத்தை அப்படியே விட்டு வைப்பதுதான் பல பாகுபாட்டுப் புகார்களுக்குத் தொடக்கம். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி, வெளி நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்து மறுத்தால் அந்த நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் 60 நாளுக்குள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். இப்படிக் கட்டாயம் இல்லாத நாட்டிலும், ஓர் அறிக்கையைப் பார்த்துத்தான் மறுத்தீர்கள் என்பதை அவரிடம் சொல்வது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. அடுத்த வீட்டிலாவது அவர் முன்கூட்டியே விளக்க முடியும்.

தாள்களில் இரண்டு வகை உண்டு. யார் எப்போது விண்ணப்பித்தார், எந்தத் தகுதி குறைந்தது என்ற குறிப்பு உங்கள் பாதுகாப்புக்கு. புகார் கொடுக்கும் காலக்கெடு முடியும்வரை அதை வைத்திருங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி வீட்டுவசதித் துறைக்குப் புகார் தர ஓராண்டு, நீதிமன்றம் போக இரண்டாண்டு. மற்றொரு வகை, மறுக்கப்பட்டவர்களின் அடையாள அட்டை நகல், பே ஸ்லிப், வங்கி விவரம். அவை உங்களிடம் இருக்க இனிக் காரணம் இல்லை. 2018லிருந்து நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுச் சட்டமும் ஒரே கோட்பாட்டைச் சொல்கின்றன: எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அது முடிந்ததும் தரவை வைத்திருக்கக் கூடாது. பலருக்கு இந்த நகல்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. உரையாடலில் அழித்தாலும் போனின் கேலரியிலும் தானியங்கி பேக்அப்பிலும் அவை தங்கிவிடும், அங்கேயும் போய் நீக்க வேண்டும். வீடு கிடைத்தவரின் ஆதாரை வாங்குவதானால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலை ஆதார் ஆணையமே தருகிறது. அதைக் கேட்டு வாங்கினால் போதும்.